இளைப்புக்கு நாடகம்

எனக்கு இளைப்பு வந்ததற்கு மிளகாய் வத்தல் நெடிதான் காரணம் என்று புகுந்த வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நம்பாமல் இருக்கவும் வழியில்லை. விருதுநகரில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டின் முன்பாதி மண்டி, பின்பாதி வீடு. மண்டியில் ஒரு மூட்டையைப் பிரித்தால் அடுப்படியில் நிற்கிறவர்கள் தும்முவார்கள். கல்யாணமான மறு வருஷம் ஒரு காலை வேளையில் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கியது போல இருந்தது. மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. அன்றிலிருந்து ஊமத்தை இலைப் புகை, கண்டங்கத்திரிக் கஷாயம், வாரம் ஒரு தடவையாவது ஆஸ்பத்திரி ஊசி என்று என் நாட்கள் போயின.

என் கணவர் அதிகம் பேசாதவர். ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்து, வத்தல் மூட்டைகளை அங்கே மாற்றிவிட்டார். வீட்டில் நெடி அடியோடு நின்றது. இளைப்பு நிற்கவில்லை.

அந்த நாட்களில்தான், அறுபதுகள் தொடங்கியிருந்த சமயம், எங்கள் ஊர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஒரு பெண் டாக்டர் வந்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், ஆனால் பேச்சு முழுக்கத் தெற்கத்திப் பேச்சு. நாற்பது வயதிருக்கும். ஊசியைப் போட்டு அனுப்பிவிடாமல் உட்கார வைத்துக் கேட்டார்.

"வத்தல் இல்லாத வீட்டுலயும் வருதுன்னா, எப்பெப்ப வருதுன்னு ஒரு மாசம் எழுதிட்டு வாங்க. என்ன மணி, யாரு இருந்தாங்க, என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க. அவ்வளவுதான்."

மண்டிப் பழைய நோட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன். தபால்காரர் கூப்பிட்டபோது. மதுரையிலிருந்து நாத்தனார் வந்து இறங்கியபோது. பால்காரர் படலைத் தட்டியபோது. பக்கத்து வீட்டுக்காரர் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தபோது. டாக்டர் இரண்டு தடவை படித்துவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"எல்லாம் வாசல்ல யாராவது வந்து நிக்கும்போது வருது. பாத்தீங்களா?"

நான் அதுவரை பார்க்கவில்லை. என் மாமியார் மட்டும் ஒரு விதத்தில் பார்த்திருந்தார். "இவளுக்கு விருந்தாளி வந்தாலே ஆகாது" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொன்னார். வெளிநோயாளிகள் பார்க்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு நீளமான அறை. ஒரு பக்கம் உடைந்த கட்டில்கள், ஜன்னலுக்கு வெளியே கொடியில் ஆஸ்பத்திரிப் போர்வைகள். டாக்டரைத் தவிர நாங்கள் நான்கே பேர். நான், அரைத் தலைவலியால் வாரத்தில் இரண்டு நாள் லீவு போடும் ஒரு பள்ளிக்கூட டீச்சர், சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த நெஞ்சு படபடப்பும் கைநடுக்கமும் உள்ள, நிலபுலம் வைத்து விவசாயம் செய்யும் சம்சாரி வீட்டு அம்மாள், நாலாவது, நாரணாபுரத்தில் பட்டாசு வேலை பார்க்கும் ஓர் அக்கா. அக்காவுக்கு வயிற்றில் புண். சோறு தங்குவதில்லை. முப்பது வயதுக்கு உடம்பு உலர்ந்து போயிருந்தது.

டாக்டர் சொன்னார்: "உங்க நாலு பேருக்கும் நோவு நெசமான நோவுதான். மருந்து சாப்பிடணும், நிறுத்தக் கூடாது. ஆனா மனசுல ஒண்ணு கெடந்து அமுக்குனா, மருந்து பாதிதான் கேக்கும். அதைப் பேசச் சொன்னா உங்களுக்கு வாய் வராது. அதனால செஞ்சு காட்டுங்க. நடந்தது நடந்த மாதிரி. மத்தவங்க கூட நடிச்சுக் குடுப்பாங்க."

"கூத்தா டாக்டரம்மா?" என்று சாத்தூர் அம்மாள் எழுந்தேவிட்டார். "எங்க வீட்டு ஆளுகளுக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்டுருவாக."

"பாக்கறதுக்கு ஆளே இல்லாத கூத்து. கதவைச் சாத்திக்கிடுவோம். வீட்டுல மூச்சுப் பயிற்சின்னு சொல்லுங்க."

முதல் ஆளாக அரங்கேறியது அந்தச் சாத்தூர் அம்மாள்தான். மூன்று கொழுந்தன்மாரை அம்மா இல்லாத குறை தெரியாமல் சோறு போட்டு வளர்த்தவர். பாகப்பிரிவினை அன்றைக்கு அவரை ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பிவிட்டார்கள். டீச்சரும் நானும் நாரணாபுரத்து அக்காவும் கொழுந்தன்மார் ஆனோம். அந்த அம்மாள் முதலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஏலே, ஒனக்கு அம்மை போட்டிருந்தப்ப எத்தன நாளு முழிச்சுக் கெடந்தேன்னு தெரியுமாலே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த வாரம் வந்தபோது, வருஷக் கணக்கில் இல்லாத தூக்கம் வந்தது என்றார்.

அப்படியே நாலைந்து வாரம் போனது. எனக்கு என்ன காட்சி என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம், யோசிக்கிறேன் என்றேன். மற்றவர்களுக்கு நடித்துக் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இருந்ததில்லை. ஆனால் நாரணாபுரத்து அக்காவுக்குப் பக்கத்தில் மட்டும் உட்கார மாட்டேன். தன் தங்கை ஒரு வெடிவிபத்தில் போய்விட்டாள் என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை. என் அப்பாவும் நாரணாபுரத்துக்கு மேற்கே ஒரு பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தவர். எனக்குப் பதினைந்து வயதானபோது அங்கே வெடிமருந்து கலக்கும் அறை வெடித்து மூன்று பேர் செத்தார்கள். அதன்பின் அப்பா கம்பெனியை மூடிவிட்டு, திருத்தங்கலில் லேபிள் அடிக்கும் சின்ன அச்சகம் ஒன்றைத் தொடங்கினார். எங்கள் வீட்டில் அந்த விபத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தப் பக்கம் விபத்து நடந்த கம்பெனி அது ஒன்று மட்டும் இல்லையே என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஆறாவது ஞாயிறு அக்காவின் முறை வந்தது. வெடித்த அன்றைக்கு நடந்ததைத்தான் செய்யப் போகிறார் என்று நினைத்தோம். அவர் வேறொன்றைச் சொன்னார்.

"செத்துப் பத்து நாளு கழிச்சு அம்மாவும் நானும் சித்தியும் மொதலாளி வீட்டுக்குப் போனோம். சிவகாசிக்கு நடந்தே போனோம். மத்தியான வெயிலு. மொதலாளி துக்கம் கேக்க வரல, அதான் நாமளே போவோம்னு அம்மா சொல்லுச்சு. வாசல்ல ஒரு பிள்ள வந்து நின்னுச்சு. தாவணி போட்ட பிள்ள. அப்பா மதுரைக்குப் போயிருக்காகன்னு சொல்லுச்சு. எங்கம்மா கீழ பாத்துட்டு, 'அப்பா செருப்பு இங்கன கெடக்கே தாயி'ன்னு கேட்டுச்சு. 'அது பழைய செருப்பு'ன்னு சொல்லிட்டு அந்தப் பிள்ள கதவச் சாத்திருச்சு. அதத்தான் செய்யணும் டாக்டரம்மா. அதுக்கு மேல நான் என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல. அன்னைக்குத் திரும்பி வந்து சோத்த வாயில வச்சேன், வெளிய வந்துருச்சு. அதுல ஆரம்பிச்சதுதான்."

அந்தப் பிள்ளை நான்தான்.

அன்று அப்பா உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெளியே போகச் சட்டை மாட்டியிருந்தார். நாரணாபுரம் போகத்தான் கிளம்பினார். பெரியப்பாதான் குறுக்கே நின்றார். "போனா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். கேஸ் முடியட்டும்" என்றார். அந்த நேரம் பார்த்து வாசலில் பெண்கள் குரல் கேட்டது. யார் போய்ப் பதில் சொல்வது என்று பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் அம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். மதுரைக்குப் போயிருக்கிறார் என்பது எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பழைய செருப்பு என்பது நானே சொன்னது. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது அப்பா இரண்டு கைகளாலும் முகத்தை மூடியிருந்தார்.

அக்கா அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கைகாட்டினார். "நீ வா தாயி. அந்தப் பிள்ளையும் ஒன்னய மாதிரி ஒல்லியாத்தான் இருந்துச்சு."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எழுந்துவிட்டேன். டாக்டர் இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகு வைத்து வாசல் என்றார். தன் செருப்பைக் கழற்றி அங்கே போட்டார். சாத்தூர் அம்மாள் அக்காவின் அம்மா ஆனார். டீச்சர் சித்தி. மூன்று பேரும் எனக்கு எதிரே வந்து நின்றார்கள்.

"மொதலாளி இருக்காகளா தாயி?"

"அப்பா மதுரைக்குப் போயிருக்காக" என்றேன். சொல்லும்போதே நெஞ்சு இறுகத் தொடங்கியது.

சாத்தூர் அம்மாள் குனிந்து பார்த்தார். "அப்பா செருப்பு இங்கன கெடக்கே?"

எனக்கு மூச்சு விசிலடித்தது. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் என் பின்னால் வந்து நின்றார். ஊசி பக்கத்து மேஜையில் தயாராக இருப்பது எனக்குத் தெரியும். அவர் அதை எடுக்கவில்லை. "அவசரமில்ல. உள்ள இழுக்காதீங்க, வெளிய விடுங்க. மெதுவா. வந்தவங்க நிப்பாங்க, எங்கயும் போக மாட்டாங்க" என்றார்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. அந்த மூன்று பேரும் நகரவே இல்லை.

"அப்பா உள்ளதான் இருக்காக" என்றேன்.

அக்கா தலையை ஆட்டினார். "இல்ல தாயி, அந்தப் பிள்ள அப்படிச் சொல்லல."

"நாந்தான்க்கா அது. அந்தப் பிள்ள நாந்தான். அப்பா உள்ளதான் இருந்தாக. செருப்பு பழசு இல்ல."

அக்கா என் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து போய்விட்டார். டாக்டர் செருப்பில்லாமலே பின்னால் ஓடினார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனார் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் டாக்டர் எங்கள் வீட்டுக்கே வந்தார். கதவைத் திறந்த எனக்கு இளைப்பு வரவில்லை என்பதை அவர் போன பிறகுதான் கவனித்தேன். அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து, "எனக்குத் தெரிஞ்சிருந்தா உங்களை அங்க நிக்க வச்சிருக்க மாட்டேன். ரெண்டு பேருக்குமே ரொம்பப் பாரம் குடுத்துட்டேன்" என்றார். ஒரு டாக்டர் என்னிடம் வருத்தம் தெரிவித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அவர் வந்து போனதில் விஷயம் வெளியாகிவிட்டது. "நம்ம வீட்டு மருமக ஆஸ்பத்திரியில கூத்துக் கட்டுதாளாம்" என்று மாமியார் கூடத்தில் உட்கார்ந்து கத்தினார். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, இளைப்பு கொறஞ்சிருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு."

"கொறஞ்சுதான் இருக்கு."

"பெறகென்ன. மோரு ஊத்து."

அடுத்த இரண்டு ஞாயிறும் அக்கா வரவில்லை. நானும் போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். சாத்தூர் அம்மாள் தகவல் சொல்லி அனுப்பி வரவழைத்துவிட்டார். மூன்றாவது ஞாயிறு கதவு திறந்தது. அக்கா நேராக வந்து என் எதிரில் நின்றார்.

"அம்மாகிட்டச் சொன்னேன். ஒன்னயப் பாக்கணுங்குது."

திட்டவா, வேறு எதற்காகவா என்று அக்காவுக்கும் தெரியவில்லை.

நாரணாபுரம் போவதற்கு முன் திருத்தங்கலுக்குப் போனேன். அப்பா அச்சகத்தில் வெட்டிய லேபிள்களைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். எங்களோடு வாங்க அப்பா என்று கேட்டேன். அவர் கட்டிய கட்டையே திரும்ப அவிழ்த்துக் கட்டினார்.

"என்ன மொகத்தோட போறது தாயி. எட்டு வருஷம் ஆச்சு."

"எட்டு வருஷமும் அவுக காத்துக்கிட்டுத்தான் இருக்காக."

அவர் கட்டை ஓரமாக வைத்தார். பிறகு வெடித்த நாள் காலையைப் பற்றி, முதல் தடவையாக, தானாகவே சொன்னார். அக்காவின் தங்கை அன்று காலையில் அவரிடம் வந்து லீவு கேட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக் கோயிலுக்குப் போகணும், அம்மா கேட்கச் சொன்னது என்று. சரி, போயிட்டு வா என்று சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டே அறைக்குள் போனாளாம். அவர் சைக்கிளில் ஏறி ரோட்டுக்கு வருவதற்குள் சத்தம் கேட்டது. இதைச் சொல்லிவிட்டு, "நீ போயிட்டு வா. என்னால முடியாது" என்றார்.

என் கணவரோடு பஸ் ஏறிப் போனேன். அவர் டீக்கடையில் இருந்துகொண்டார். அக்கா என்னை வீட்டுக்குள் கூட்டிப்போனார். அவருடைய அம்மாவுக்குக் கண் மங்கியிருந்தது. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, முகத்தைத் தடவிப் பார்த்தார்.

"நீதானா அந்தப் பிள்ள?"

"ஆமா."

"அப்ப என்ன வயசு ஒனக்கு?"

"பதினஞ்சு."

"அம்புட்டுச் சின்னப் பிள்ளய வாசலுக்கு அனுப்பிட்டுப் பெரியாளுக உள்ள இருந்தாகளா?" அவர் குரலில் கோபம் இருந்தது. அது என் மேல் இல்லை என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. என் கண் நிரம்பிவிட்டது.

"நாங்க சண்ட போட வரல தாயி. எம்மவளக் கடேசியா யாரு பாத்தாக, என்ன பேசுனா, அதக் கேக்கத்தான் வந்தோம். மொதலாளி காலையில வந்துட்டுப் போனாகன்னு சொன்னாக. அவுகளுக்குத் தெரிஞ்சிருக்குமேன்னு."

அப்பா சொன்னதை அப்படியே சொன்னேன். லீவு கேட்டதையும், அப்பா சரி என்றதையும், அவள் சிரித்ததையும். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டாளா? நாந்தான் கேக்கச் சொன்னேன். பயந்துக்கிட்டுக் கேக்காமலே இருந்திருப்பான்னு நெனச்சேன். கேட்டாளா?"

"கேட்டாக. அப்பா போயிட்டு வரச் சொன்னாக."

அதையே நாலைந்து தடவை கேட்டார். நானும் நாலைந்து தடவை சொன்னேன். அக்கா கதவில் சாய்ந்து நின்று அழுதார். தங்கையை அந்த வேலையில் சேர்த்துவிட்டது அக்காதான். கிளம்பும்போது அந்த அம்மா, "ஒன்ன மன்னிச்சிட்டேன்னெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. அடிக்கடி வா" என்றார்.

அதன்பிறகு எனக்கு இளைப்பு ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். குளிர்காலத்தில் வரும். வத்தல் நெடிக்கும் கொஞ்சம் வரத்தான் செய்தது. புகுந்த வீட்டில் எல்லோரும் நம்பியதிலும் உண்மை இருந்திருக்கிறது. ஆனால் வாரம் ஒரு ஊசி என்பது வருஷத்துக்கு இரண்டு மூன்று என்றானது. வாசலில் யார் கூப்பிட்டாலும் நானே போய்க் கதவைத் திறந்தேன். அக்காவுக்கு முதலில் கஞ்சி தங்கியது, பிறகு குழைந்த சோறு. புண் ஆற ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மருந்தும் கூடவே சாப்பிட்டார்.

அந்த வருஷம் தீபாவளி சீசன் முடிந்து சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு, அக்கா வழக்கத்தைவிட முன்னதாக வந்து எனக்காகக் காத்திருந்தார்.

"நேத்து ஒங்க அப்பா வந்தாக."

எனக்குத் தெரியாது. அப்பா யாரிடமும் சொல்லவில்லை.

"தனியாத்தான் வந்தாக. வாசல்லயே நின்னாக. உள்ள வாங்கன்னு அம்மா சொல்லுச்சு. வந்து உக்காந்தாக. ஒண்ணுமே பேசல. அம்மாவும் பேசல. ரொம்ப நேரம் இருந்தாக. பெறகு அம்மா சோறு போடச் சொல்லுச்சு. போட்டேன். சாப்பிட்டுட்டு, 'வாரேன் ஆத்தா'ன்னு சொல்லிட்டுப் போனாக."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டரும் கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டுமானால் அதைச் செய்து பார்ப்போமா, என் அப்பாவிடம் சொல்ல விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டார்.

"வேண்டாம் டாக்டரம்மா. அது நெசத்துலயே நடந்துருச்சு" என்றார் அக்கா.

அப்படியென்றால் இன்றைக்குத் தன் முறை என்று டீச்சர் எழுந்தார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக நடிக்க நல்ல கண்டிப்பான ஆள் வேண்டும் என்றார். சாத்தூர் அம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றார். நானும் அக்காவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகக் கீழே உட்கார்ந்தோம்.